டவர், வைஃபை, தைராய்டு: ரத்தம் குடுக்க வர்றவங்க திரும்பத் திரும்பக் கேக்கற கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்கறேன். தைராய்டு டெஸ்டுக்கு வர்றவங்க கைய நீட்டிட்டு உக்காந்திருக்கும்போதே டவர், வைஃபை, 5ஜி பத்தி தான் கேக்கறாங்க, பாண்டில இருந்து வர்றவங்களும் இதயே தான். சில பேர் டவர் தான் காரணம்னு நம்பி மாத்திரைய நிறுத்திட்டு டிஎஸ்ஹெச் (தைராய்ட சுரக்க சொல்லி மூளைக்கு அடில இருந்து வர்ற ஹார்மோன், தைராய்டு கொறஞ்சா இது ஏறும்) தாறுமாறா ஏறின பிறகு வந்து நிக்கறாங்க, அத பாக்க மனசுக்கு கஷ்டமா இருக்கு. அதனால அவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு, நான் படிச்சு தெரிஞ்சுகிட்டத எழுதிருக்கேன்.

மைக்ரோவேவ்னா அடுப்பு தானே, அதுக்கும் செல்போனுக்கும் என்ன சம்பந்தம்?

ரெண்டும் ஒரே வகை அலை தான். 300 மெகாஹெர்ட்ஸ்ல இருந்து 300 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கற ரேடியோ அலைங்கள மைக்ரோவேவ்னு சொல்றாங்க. அடுப்பு ஓடறது 2.45 கிகாஹெர்ட்ஸ், வூட்டு வைஃபை 2.4, 4ஜி 5ஜி எல்லாம் இதுக்கு முன்ன பின்ன. வித்தியாசம் பவர்ல தான் இருக்கு. அடுப்பு 700, 800 வாட்ட ஒரு இரும்புப் பொட்டிக்குள்ள அடைச்சு சாப்பாட்டு மேல போடுது, வைஃபை ரவுட்டர் சுமார் 0.1 வாட்ட வீடு முழுக்க பரப்புது, 4ஜி போன் உச்சத்துல ஓடினாலும் 0.2 வாட் கிட்ட தான். அதனால பேர கேட்டு பயப்படறத விட எவ்வளவு படுதுன்னு கேக்கணும், இந்தப் பக்கம் முழுக்க அந்த ஒரு கேள்விக்கு தான் திரும்பத் திரும்ப வருவேன்.

ரேடியேஷன்னாலே எக்ஸ்ரே, கல்பாக்கம் மாதிரி தானே அக்கா? உடம்புல சேந்துகிட்டே போகாதா?

இல்லம்மா. எக்ஸ்ரே அணுவுல இருந்து எலக்ட்ரான பிச்சு எறியும், டிஎன்ஏவ உடைக்கும். அதுக்கு ஒவ்வொரு ஒளித் துகளுக்கும் பத்து எலக்ட்ரான் வோல்ட் (ரொம்ப சின்ன சக்திய அளக்கற அலகு) அளவுக்காவது சக்தி வேணும். 2.45 கிகாஹெர்ட்ஸ்ல ஒரு துகளுக்கு இருக்கறது ஒரு எலக்ட்ரான் வோல்ட்ல லட்சத்துல ஒரு பங்கு, அதாவது பத்து லட்சம் மடங்கு கம்மி. மைக்ரோவேவ் பண்றது தண்ணி மூலக்கூறுங்கள ஆட்டி சூடு உண்டாக்கறது. அலை நின்னா சூடும் ரத்த ஓட்டத்துல கலஞ்சு போயிடும், உள்ள எதுவும் தங்காது.

அப்போ உடம்புல ஒண்ணுமே ஆகாதுன்னு சொல்றீங்களா?

அப்படி சொல்லல. அளவு ஏறினா ஆகும், நல்லாவே ஆகும். இன்னும் சொல்லணும்னா உலகம் முழுக்க பல நாடு மனுஷங்க மேல எவ்வளவு அலை படலாம்னு வச்சிருக்கற லிமிட்டே மிருகங்களோட நடத்தை மாறறத வச்சு தான் வந்துச்சு, இது நிறைய பேருக்கு தெரியாது. அமெரிக்க கடற்படை லேப்ல ஜான் டி லார்ஜ்னு ஒரு ஆராய்ச்சியாளர் எலி, அணில் குரங்கு, ரீசஸ் குரங்கு எல்லாத்துக்கும் லிவர அழுத்தினா சாப்பாடு வரும்னு முதல்ல பழக்கிட்டு, அதுங்க அழுத்திட்டு இருக்கும்போதே மைக்ரோவேவ் போட்டு பாத்தாரு. உடம்புச் சூடு சுமார் ஒரு டிகிரி ஏறற கட்டம் வந்ததும் அதுங்க பசியோட இருந்தும் வேலைய நிறுத்திடுச்சுங்க.

அந்த கட்டம் உடம்பு எடை ஒரு கிலோவுக்கு சுமார் 4 வாட். அதுல பத்துல ஒரு பங்கு, 0.4 வாட், இந்த அலைங்களோட வேலை பாக்கறவங்களுக்கு லிமிட். அம்பதுல ஒரு பங்கு, 0.08 வாட், குழந்தை, வயசானவங்க எல்லாரும் சேந்த பொதுமக்களுக்கு. இது முழு உடம்புக்கான கணக்கு. போன காதுல வைக்கும்போது தலைல ஒரு எடத்துல மட்டும் படறதுக்கு தனி லிமிட் இருக்கு, இந்தியால 2012ல இருந்து ஒரு கிராம் திசுவுல சராசரியா கிலோவுக்கு 1.6 வாட். உங்க போன்ல ஸ்டார் ஹாஷ் 07 ஹாஷ் போட்டா நிறைய மாடல்ல அந்த எண் வரும்.

ஹார்மோன் மாறும்னு ஆராய்ச்சியே இருக்குன்னு காட்டறாங்களே, அது பொய்யா?

பொய் இல்ல. எலிங்க மேல பலமா மைக்ரோவேவ் அடிச்சா கார்டிகோஸ்டீரோன் ஏறுது, நமக்கு கார்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் மாதிரி அதுங்களுக்கு அது. தைராய்டு பக்கமும் வளர்ச்சி ஹார்மோனும் எறங்குது. 1970கள்ல இத ரொம்ப கவனமா பாத்தாங்க. அந்த கார்டிகோஸ்டீரோன் ஏத்தம் எலியோட உடம்புச் சூட்டோட ஒட்டியே போச்சு, சூடு ஏறாத அளவுல ஹார்மோனும் ஏறல. மூளைக்கு அடில இருந்து மத்த சுரப்பிங்களுக்கு உத்தரவு போடற பிட்யூட்டரி சுரப்பிய எடுத்துட்ட எலிங்கள்ல அந்த ஏத்தம் வரவும் இல்ல. அப்போ அலை நேரா அந்த ஹார்மோன சுரக்கற அட்ரினல் சுரப்பிய தட்டி எழுப்பல, உடம்பு சூடாச்சு, மூளை அத ஸ்ட்ரெஸ்ஸா எடுத்துகிட்டு பிட்யூட்டரி வழியா சொல்லி விட்டுச்சு. தைராய்டு கொறையறதும் இதே கணக்கு தான், வெளில இருந்து சூடு வரும்போது உடம்பு தன்னோட சூட்ட கொறச்சுக்க பாக்குது.

இந்த ஆய்வுங்கள வாட்ஸப்ல போடறவங்க எந்த அளவுல நடந்துச்சுன்னு மட்டும் எழுத மாட்டாங்க. அந்த அளவு நம்ம வீட்ல படறத விட பல ஆயிரம் மடங்கு, சில சமயம் லட்சம் மடங்கு அதிகம்.

எதிர் வூட்டு மாடில டவர் வச்ச ஆறு மாசத்துல எனக்கு தைராய்டு வந்துச்சு, இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?

தெருவுல யாரையும் கேக்காம மாடி மேல ஒண்ண கொண்டாந்து நிறுத்தினா கோவம் வரத்தான் செய்யும், அந்த கோவம் நியாயம். ஆனா காரணம் தேடும்போது கொஞ்சம் பொறுமையா பாக்கணும். பெரியவங்களுக்கு தைராய்டு கொறையறதுல பெரும்பங்கு ஹாஷிமோட்டோ, அதாவது நம்ம எதிர்ப்பு சக்தியே சுரப்பிய தாக்கறது. ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு பல மடங்கு அதிகமா வரும், குடும்பத்துல ஓடும், பிரசவத்துக்கு அப்பறம் வெளில தெரியும். அது டிஎஸ்ஹெச் ஏறறதுக்கு பல வருஷம் முன்னாடியே உள்ள ஆரம்பிச்சிருக்கும். அந்த தாக்குதல காட்டற ஆன்ட்டி டிபிஓன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அது நிறைய வந்தா உங்க டவருக்கு முன்னாடியே கதை தொடங்கியாச்சுன்னு தான் நான் நினைப்பேன்.

மனுஷங்கள வச்சும் பாத்திருக்காங்க. 1998ல பிரான்ஸ்ல டி செஸ்னு ஒருத்தரோட குழு சுமார் இருபது ஆம்பளைங்கள ஒரு மாசம், வாரத்துல அஞ்சு நாள், தினம் ரெண்டு மணி நேரம் 900 மெகாஹெர்ட்ஸ் போன் பயன்படுத்த வச்சு பிட்யூட்டரி ஹார்மோன் எல்லாத்தயும் அளந்தாங்க. டிஎஸ்ஹெச் மட்டும் ஒரு கட்டத்துல சுமார் 21 சதவீதம் எறங்கிச்சு, ஆனா நார்மல் அளவுக்குள்ளயே, நிறுத்தின பிறகு திரும்பி வந்துடுச்சு. கவனிங்க, எறங்கிச்சு. உங்களுக்கு ஏறிருக்கு. ரெண்டும் எதிர் எதிர் திசை.

2012ல எகிப்துல இருந்து வந்த ஆய்வு தான் எல்லாரும் ஃபார்வர்ட் பண்றது, டவர் பக்கம் இருக்கறவங்களுக்கு ஆறு வருஷத்துல கார்டிசால், தைராய்டு எல்லாம் கொறஞ்சுதுன்னு. அதுல பெரிய ஓட்டை என்னன்னா ஒவ்வொருத்தர் மேலயும் எவ்வளவு கதிர் பட்டுச்சுன்னு அளக்கல, தூரத்த வச்சு பிரிச்சாங்க. தூரத்த மட்டும் வச்சு ஏன் சொல்ல முடியாதுங்கறது கீழ டவர் கேள்வில வருது.

ஒரே வாரத்துல ரெண்டு தடவ எடுத்தேன், ரெண்டு ரிப்போர்ட்டும் வேற வேற. இது கதிரால தானே?

இது என் வேலை சம்பந்தப்பட்டது, கொஞ்சம் நீட்டி சொல்றேன். ஹார்மோன் நாள் முழுக்க ஒரே மாதிரி நிக்காது. கார்டிசால் காலைல எழுந்திரிக்கற நேரத்துல உச்சத்துல இருக்கும், ராத்திரில பாதாளத்துக்கு போயிடும். டிஎஸ்ஹெச் ராத்திரி ஏறும், மத்தியானம் எறங்கும், அதனால காலைல ஏழு மணிக்கு வெறும் வயித்துல குடுத்த ரத்தமும் மூணு மணிக்கு சாப்பிட்டுட்டு வந்து குடுத்ததும் ஒத்துப் போகலன்னா ஆச்சரியமே இல்ல. தாய்ப்பால் சுரக்க வைக்கற ப்ரோலாக்டின், ஊசிய பாத்து பயந்தாலே ஏறும், பஸ்ஸ விட்டு எறங்கி ஓடி வந்தாலும் ஏறும். முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு சில மெஷின்ல தைராய்டு ரிசல்ட்டே தப்பா வரும், தயவு செஞ்சு அத லேப்ல முன்னாடியே சொல்லுங்க.

இத தெரிஞ்சுகிட்டு ஜெர்மனி ஆய்வ பாருங்க. ரிம்பாக்னு ஒரு கிராமத்துல 2004ல டவர் வச்சாங்க, அங்க 60 பேரோட சிறுநீர்ல அட்ரினலின், டோபமின் அளவ ஒன்றரை வருஷம் அளந்து, அட்ரினலின் ஏறிச்சு, டோபமின் எறங்கிச்சுன்னு 2011ல வெளியிட்டாங்க. உழைப்பு இருக்கு, மதிக்கறேன். ஆனா டவர் இல்லாத பக்கத்து ஊர ஒப்பிட்டு பாக்கல. அட்ரினலின் கவலைக்கு ஏறற ஹார்மோன், ஊருக்குள்ள டவர் வந்துச்சேன்னு கவலைப்பட்டவங்களுக்கும் ஏறும், அலைபட்டவங்களுக்கும் ஏறலாம், எதுனாலன்னு இந்த ஆய்வ வச்சு பிரிக்க முடியாது.

டவருக்கு நேர் கீழயே குடியிருக்கோம், எங்களுக்கு தான் எல்லாத்தயும் விட அதிகமா?

பெரும்பாலும் இல்ல. ஆன்டெனா அலைய பக்கவாட்டுல தான் அனுப்புது, லேசா கீழ சாச்சு வச்சிருப்பாங்க. அந்த அலை தரைய தொடறது அம்பது மீட்டர்ல இருந்து சில நூறு மீட்டர் தள்ளி, நேர் கீழ வர்றது கொஞ்சம் தான், கான்கிரீட் தளமும் கொறைக்கும். கவனிக்க வேண்டியது ஆன்டெனாவுக்கு நேர் எதிர்ல, அதே உயரத்துல, பக்கத்துலயே மாடி இருக்கற வீடு. திருப்பாப்புலியூர், முத்தியால்பேட்டை மாதிரி நெருக்கமான தெருவுல இப்படி அமையறதுக்கு வாய்ப்பு உண்டு, அங்க அளந்து பாக்க சொல்லி கேக்கறது நியாயமான கோரிக்கை.

2012 செப்டம்பர்ல இந்தியா டவருக்கான லிமிட்ட சர்வதேச அளவுல பத்துல ஒரு பங்கா கொறச்சுது, 900 மெகாஹெர்ட்ஸ்ல சதுர மீட்டருக்கு 4.5 வாட்டா இருந்தது 0.45 ஆச்சு. ஒப்பிட்டு பாக்கணும்னா உச்சி வெயில் சதுர மீட்டருக்கு சுமார் 1000 வாட். தரங் சஞ்சார்னு டெலிகாம் துறை 2017ல ஆரம்பிச்ச போர்ட்டல்ல உங்க பக்கத்து டவர பாக்கலாம், 4000 ரூபா கட்டினா ஆள் வந்து அளந்து குடுப்பாங்க, தெருவா சேந்து கட்டினா பெருசா தெரியாது.

இன்னொண்ணு, டவர தொரத்திட்டா கதிர் கொறையும்னு நினைக்கறது தலைகீழ். டவர் தூரமானா உங்க போன் கத்தி பேசணும், பவர ஏத்தும், அந்த போன் தான் உங்க காதோட ஒட்டி இருக்கு.

ராத்திரி தலமாட்டுல போன் வச்சு தூங்கினா மெலடோனின் கொறையுமா?

மெலடோனின்னா ராத்திரில சுரந்து தூக்கத்துக்கு தயார் பண்ற ஹார்மோன். போன்ல இருந்து வர்ற மைக்ரோவேவால அது கொறையுதான்னு அதே பிரெஞ்சு குழு 1999ல பாத்தாங்க, ஒரு மாச பயன்பாட்டுக்கு அப்பறமும் மெலடோனின் ஏத்த எறக்கம் அப்படியே தான் இருந்துச்சு. ஆனா போனோட வெளிச்சம் மெலடோனின கொறைக்கும், அது நல்லாவே நிரூபிச்ச விஷயம். படுத்துகிட்டு பன்னெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பாத்தா வெளிச்சமும் தூக்கத்த கெடுக்குது, மனசும் அடங்க மாட்டேங்குது, அப்பறம் காலைல சோர்வா இருக்குன்னு டவர திட்டறோம்.

மூளை அலைல ஒரு சின்ன மாற்றம் இருக்கு, அத மறைக்கக் கூடாது. 2000 வாக்குல சூரிச் பல்கலைக்கழகத்துல பண்ண ஆய்வுங்கள்ல, செல்போன் மாதிரி துடிப்பா வர்ற அலைய முன்னாடி காட்டிட்டு தூங்க வச்சா தூக்கத்தோட மூளை அலைல குறிப்பிட்ட பகுதி கொஞ்சம் ஏறுது, வேற லேப்லயும் இது வந்துச்சு. தூக்கத்தோட தரம் அதனால கெட்டுப் போகல. சூடு ஏறாத அளவுலயே தெரியற விளைவுன்னு சொல்றதுல எனக்கு தெரிஞ்சு இது தான் உறுதியானது, இதுக்கு மேல ஆராய்ச்சி நடக்கணும்னு நானும் ஆசப்படறேன்.

ஃபெஞ்சல் புயல் அன்னிக்கு டவர் எல்லாம் போச்சு, அந்த ரெண்டு நாள் என்னமா தூங்கினேன் தெரியுமா! இதுக்கு என்ன சொல்றீங்க?

நல்ல கேள்வி, நிஜமாவே ரொம்ப யோசிக்க வச்சுது. 2024 நவம்பர் 30 ராத்திரி பாண்டி பக்கம் கரை ஏறின புயல்ல சிக்னல் மட்டுமா போச்சு? கரண்டும் போச்சு. டியூப்லைட் இல்ல, டிவி இல்ல, போன்ல சார்ஜ் இல்ல, மழைல ஊரே குளிர்ந்து கெடந்துச்சு, மறுநாள் வேலைக்கு போற அவசரம் இல்ல. 2011ல ‘தானே’ புயல் வந்தப்போ கடலூர்ல பல எடத்துல நாள் கணக்கா கரண்ட் இல்லாம ஏழு மணிக்கே படுத்தோம். இத்தன மாற்றத்துல எது தூங்க வச்சுதுன்னு டவர் மேல மட்டும் கைய நீட்ட முடியாது. சோதிக்கணும்னா வைஃபைய ஆன்ல வச்சுட்டு போன மட்டும் ஹால்ல போட்டுட்டு, லைட்ட சீக்கிரம் அணைச்சு ஒரு வாரம் தூங்கி பாருங்க.

எனக்கு வைஃபை ஆன் பண்ணா தலை வலிக்குது, படபடப்பு வருது. அப்போ நான் நடிக்கறேனா?

இல்லவே இல்ல. உங்க வலி நிஜம். உலக சுகாதார நிறுவனமே 2005ல இத பத்தி எழுதும்போது அறிகுறி நிஜம், சில பேர ரொம்ப முடக்கிப் போடுதுன்னு தான் சொல்லுது. காரணம் அலை தானான்னு தான் கேள்வி. ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு அவங்களுக்கு சொல்லாம சோதிச்ச 31 ஆய்வ, 725 பேர, 2005ல சேத்து பாத்தாங்க. பெரும்பாலானதுல ஆன்ல இருக்கும்போது அதிகமா வலிக்கவும் இல்ல, ஆன்ல இருக்குன்னு கண்டுபிடிக்கவும் முடியல. ஆனா ஆஃப்ல இருக்கும்போதே ஆன்னு நினைச்சவங்களுக்கு வலி வந்துச்சு.

2013ல இன்னொண்ணு வந்துச்சு. வைஃபை ஆபத்துன்னு சொல்ற டிவி நிகழ்ச்சிய முதல்ல காட்டிட்டு பொய்யான வைஃபை முன்னாடி உக்கார வச்சாங்க, ஏற்கனவே கவலைப்படற சுபாவம் இருந்தவங்களுக்கு நிஜமாவே அறிகுறி கெளம்பிச்சு. அதனால தான் வாட்ஸப்ல வர்ற பயமுறுத்தற வீடியோவ ஃபார்வர்ட் பண்ணாதீங்கன்னு கெஞ்சறேன், அது யாரோ ஒருத்தருக்கு உண்மையான தலைவலியா போய் எறங்குது. படபடப்பு இருந்தா ஹீமோகுளோபின், தைராய்டு, பிபி பாத்துடுங்க. தைராய்டு அதிகமானாலும் இதே படபடப்பு தான் வரும்.

ரஷ்யாக்காரன் அப்பவே ஆயிரம் மடங்கு கம்மியா லிமிட் வச்சானே, அவனுக்கு தெரிஞ்ச ரகசியம் என்ன?

உண்மை தான், 1950கள் கடைசில சோவியத் லிமிட் சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோவாட், அமெரிக்காவுது 10 மில்லிவாட். ராடார் ஃபேக்டரில வேலை பாத்தவங்களுக்கு தலைவலி, அசதி, தூக்கமின்மை, எரிச்சல்னு அங்க டாக்டருங்க எழுதி வச்சு மைக்ரோவேவ் வியாதின்னு பேர் வச்சாங்க. அந்த தொழிலாளிங்க சொன்னத நான் தள்ளி விட மாட்டேன், ஆனா எவ்வளவு அலை பட்டுச்சு, சத்தம், சூடு, ஷிஃப்ட் வேலை இதெல்லாம் தனியா பிரிச்சு பாத்தாங்களான்னா அது போதல.

மாஸ்கோல அமெரிக்க தூதரகத்து மேல 1950கள்ல இருந்து 70கள் வரைக்கும் மைக்ரோவேவ் அடிச்சாங்க, பல வருஷம் சதுர சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோவாட் அளவுல. அங்க இருந்தவங்களயும் மத்த கிழக்கு ஐரோப்பா தூதரகத்துல இருந்தவங்களயும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து லிலியன்ஃபெல்ட் ஒப்பிட்டு 1978ல அறிக்கை குடுத்தாரு, அலையால வந்த கெடுதல்னு காட்டற மாதிரி ஒண்ணும் கெடைக்கல.

ராடார் அலைய காதால கேக்க முடியுமாமே, அப்போ மூளைய தொடுது தானே?

கேக்க முடியும். ஆலன் ஃப்ரே 1961ல இத ஆய்வா எழுதினாரு. பலமான துடிப்பு தலைல பட்டதும் திசு ஒரு டிகிரில பத்து லட்சத்துல ஒரு பங்கு அளவு சட்டுன்னு சூடாகி விரியுது, அந்த விரிப்பு ஒரு சின்ன அதிர்வா உள்காதுக்கு போய் டிக்னு கேக்குது, 1974ல இந்த விளக்கம் வந்துச்சு. போன், வைஃபைக்கு அந்த பலம் கெடையாது, ராத்திரி காதுல ங்கொய்னு கேக்கறதுக்கு காது டாக்டர்ட்ட போங்க.

மாசமா இருக்கேன், போன் பேசினா குழந்தை துறுதுறுன்னு பொறக்குமா?

2008ல டென்மார்க்ல பதிமூணாயிரம் குழந்தைங்கள பாத்ததுல, கர்ப்பத்துல நிறைய போன் பேசின அம்மாக்களோட குழந்தைங்களுக்கு ஏழு வயசுல நடத்தைப் பிரச்சனை கொஞ்சம் அதிகமா தெரிஞ்சுது, பிறகு இன்னும் பெரிய கூட்டத்துலயும் அதே வந்துச்சு. ஆனா வயித்துல இருக்கற குழந்தைக்கு காதுல வச்ச போன்ல இருந்து போய் சேர்ற அலை ரொம்ப ரொம்ப கொஞ்சம். நிறைய போன் பேசற அம்மா குழந்தை பொறந்த பிறகும் அதே மாதிரி பேசிட்டு இருப்பாங்க, குழந்தை மேல கவனம் கொறையும், அது காரணமா இருக்கலாம்னு அந்த ஆய்வாளர்களே யோசிச்சிருக்காங்க. யேல் பல்கலைக்கழகத்துல 2012ல எலிக்குட்டிங்க துறுதுறுன்னு ஆச்சுன்னு வந்ததுல கூண்டு மேலயே போன வச்சிருந்தாங்க, குட்டி எலிக்கும் நமக்கும் உடம்பு அளவே வேற. ஸ்பீக்கர்ல பேசுங்க, மனசு நிம்மதியா இருக்கும், செலவும் இல்ல. கர்ப்பத்துல தைராய்டு மாத்திரைய மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீங்க, குழந்தையோட மூளைக்கு அந்த ஹார்மோன் தான் வேணும்.

பையன் பேன்ட் பாக்கெட்ல போன் வைக்கறான், பின்னாடி குழந்தை இல்லாம போயிடுமா?

2023ல சுவிட்சர்லாந்துல 2886 இளைஞர்கள பாத்த ஆய்வு வந்துச்சு. நிறைய தடவ போன் எடுக்கறவங்களுக்கு விந்தணு எண்ணிக்கை கொஞ்சம் கம்மி, ஆனா பாக்கெட்ல வைக்கறதுக்கும் அதுக்கும் தொடர்பு வரல. 2ஜி காலத்துல தெரிஞ்ச அளவு 4ஜி காலத்துல தெரியல. விந்தணுவுக்கு சூடு ஆகாதுங்கறது உறுதி, மடில லேப்டாப்ப மணிக்கணக்கா வச்சுக்கறத முதல்ல நிறுத்த சொல்லுங்க, சிகரெட் இருந்தா அதயும்.

சிட்டுக்குருவி போனது டவரால தானே?

ஓட்டு வீடு போயி கூடு கட்ட எடம் இல்ல, குஞ்சுக்கு குடுக்க புழு பூச்சி இல்ல, அது தான் பெரிய காரணம். பறவை நடத்தைய ரேடியோ அலை மாத்துதுன்னு உறுதியா காட்டின ஆய்வு ஒண்ணு இருக்கு, 2014ல ஜெர்மனி ஓல்டன்பர்க்ல ராபின் பறவைங்க காந்த திசைய தவற விட்டுச்சு. ஆனா அதுக்கு காரணமான அலை 50 கிலோஹெர்ட்ஸ்ல இருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், செல்போன் அலைக்கு ரொம்ப கீழ.

5ஜி வேற ஏதோ புதுசா ஆபத்தானதுன்னு சொல்றாங்களே?

நம்ம ஊர்ல ஓடற 5ஜி பெரும்பாலும் 3.3 கிகாஹெர்ட்ஸ் பக்கம், வைஃபையோட 2.4க்கும் 5க்கும் நடுவுல. 26 கிகாஹெர்ட்ஸ் வந்தாலும் அது தோல்ல ஒரு மில்லிமீட்டர் கிட்ட போயி நின்னுடும், தைராய்டு வரைக்கும் எட்டாது.

கதிர் தடுக்கற ஸ்டிக்கர், லாக்கெட் வாங்கிருக்கேன், நல்லது தானே?

வாங்காதீங்க. ஸ்டிக்கர் நிஜமா அலைய தடுத்தா போன் டவர தேடி பவர ஏத்தும், மேல டவர் கேள்வில சொன்ன அதே விஷயம் தான், தடுக்கலன்னா காசு தண்டம். அதுக்கு குடுக்கற ஐநூறு ரூபாய்க்கு ஆன்ட்டி டிபிஓ டெஸ்டுக்கு ஒரு பங்கு ஆகும், இல்ல ஒரு மாச மாத்திரையே வாங்கிடலாம். கதிர கொறைக்கணும்னு ஆச இருந்தா சிக்னல் ஒரு கட்டம் காட்டற எடத்துல, ஓடற பஸ்ல நீளமா பேசாதீங்க, இயர்போன் போட்டுக்குங்க. போன ஒரு முழம் தள்ளி வச்சாலே தலைல படறது பெருமளவு எறங்கிடும்.